பன்னிரண்டு குடம் தண்ணீர்

ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில், தெற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் உள்ள செடூனா என்ற கடற்கரைச் சிற்றூரில், விடிந்தும் விடியாத குளிரில் நானும் என் கணவரும் எங்கள் கேரவனின் நீர்த்தொட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தோம். தொட்டிகள் இரண்டு; ஒவ்வொன்றும் 95 லிட்டர் கொள்ளும். அவர் குழாயைப் பிடித்திருக்க, நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் ஊர்ப் பித்தளைக் குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு தொட்டியும் சேர்ந்து பன்னிரண்டரைக் குடத்துக்கு மேல் ஒரு சொம்பு. நாங்கள் நம்பியிருந்த அடுத்த குழாய் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், நார்ஸ்மன் என்ற ஊரில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நான் மறுபடியும் தண்ணீரைக் குடத்தில் எண்ணினேன்.

நான் பிறந்தது விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். கோடையில் ஊர்க்கிணறு வற்றிவிட்டால், வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம்கூட ஆகும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குடம் என்பது அம்மாவின் கணக்கு. அதில் மூன்று என் பங்கு. மதுரையில் படித்து, திருமணமாகி, 1995இல் மெல்போர்ன் வந்து, ஒரு பொது மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது எனக்கு இயல்பாகிப் போனது. நடுவில் ஒருமுறை நினைவுபடுத்தினார்கள். 1997 முதல் 2009 வரை நீடித்த பெரும் வறட்சியின் கடைசிக் கட்டத்தில், ஒருவர் நாளொன்றுக்கு 155 லிட்டருக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று விக்டோரியா மாநில அரசு வேண்டுகோள் விடுத்தது. அந்த 155 லிட்டரே எனக்கு அப்போது சிக்கனமாகத் தெரிந்தது என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒருவருக்குப் பத்துக் குடம் அது.

சென்ற ஆண்டு, 64ஆம் வயதில் நான் ஓய்வு பெற்றேன். என் கணவர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். இந்த நாட்டில் அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்துக்கு 67 வயது நிறைய வேண்டும். ஆனால் சம்பளத்தோடு சேர்ந்து வந்த ஓய்வுக்கால நிதியை 60 வயதுக்குப் பின் வேலையை விட்டதும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கேரவன் வாங்குவது என்றும், ஆஸ்திரேலியாவை ஒரு முறை சுற்றி வருவது என்றும் நாங்கள் நான்கு ஆண்டுகளாகப் பேசிவந்தோம். நாட்டின் ஓரத்தைச் சுற்றிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் நீளமுள்ளது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இவ்வாறு மாதக்கணக்கில் சுற்றுவது இங்கே மிகவும் பழகிய வழக்கம். நரைமுடி நாடோடிகள் என்று அவர்களுக்குப் பெயரே இருக்கிறது.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல், காருக்குப் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் சிறு வீட்டைக் குறிக்கிறது. எங்களுடையது ஒரு கட்டில், ஒரு எரிவாயு அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, எதிரெதிரே இருவர் உட்காரும் மேசை, குளியலறையோடு சேர்ந்த கழிவறை ஆகியவை அடங்கிய, ஆறரை மீட்டர் நீளமுள்ள வீடு. கூரையில் சூரிய ஒளித் தகடுகள். கட்டிலுக்கு அடியில் லித்தியம் மின்கலங்கள். வாங்கிய நாளில் அதன் உள்ளே நின்றபோது இவ்வளவு போதுமே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்த வீட்டில் எதையும் எடைபோடாமல் வைக்க முடியாது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வுக்குப் பின் கேரவன் வாங்கும் நம்மவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கேரவனிலும் ஒரு தகடு பதித்திருக்கும். அதில் வண்டியின் காலி எடையும், பொருள்களை ஏற்றிய பிறகு அது தாண்டக்கூடாத மொத்த எடையும் எழுதப்பட்டிருக்கும். எங்கள் தகட்டில் காலி எடை 2,150 கிலோ, மொத்த எடை 2,600 கிலோ. இடையிலுள்ள 450 கிலோவும் எங்கள் பொருள்களுக்கு என்றுதான் நாங்கள் நம்பினோம், விற்ற கடையிலும் அப்படியே சொன்னார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, எல்லாவற்றையும் ஏற்றி, தொட்டிகளையும் நிரப்பி, லாரிகள் நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். 2,715 கிலோ காட்டியது. 115 கிலோ அதிகம். வீட்டுக்கு வந்து அனைத்தையும் இறக்கிவிட்டு மறுநாள் காலி வண்டியை நிறுத்தபோது, காலி எடையே 2,240 கிலோ இருந்தது. தகடு பதித்த பிறகு பொருத்திய வெயில் மறைப்பு, குளிர்சாதனம், இரண்டாவது மின்கலம், எரிவாயு சிலிண்டர்கள் எதையும் கடைக்காரர்கள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அதிக எடையோடு சென்று விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். அதைவிட, எடை கூடிய கேரவனை நிறுத்த அதிக தூரம் தேவைப்படும், டயர் வெடிக்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்குகிறவர்களிடம் இதை மறைப்பது சரியல்ல.

ஆக, எங்களுக்கு உண்மையில் கிடைத்தது 360 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அதில் 190 கிலோ தண்ணீருக்கே போய்விடும். துணி, பாத்திரம், அரிசி, பருப்பு, மருந்து, கருவிகள், நாற்காலி, போர்வை எல்லாம் மீதமுள்ள 170 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இரண்டு வாரம் நான் குளியலறைத் தராசையும் சமையலறைத் தராசையும் வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதினேன். முப்பது ஆண்டு ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராம் நிறுத்த கைக்கு அது பழகிய வேலைதான். ஆனாலும் என் பொருள்களை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. மாவரைக்கும் கிரைண்டர் 12 கிலோ. புத்தகப் பெட்டி 18 கிலோ. மர நாற்காலிகளும் மேசையும் 16 கிலோ. மூன்று குக்கர்களில் இரண்டு வீட்டிலேயே தங்கின. இருபது கிலோ அரிசி மூட்டை ஐந்து கிலோப் பையாயிற்று. அரிசி எந்த ஊரிலும் கிடைக்கும் என்று கணவர் சொன்னது உண்மைதான். அவருடைய கருவிப்பெட்டியில் இருந்த பாதியை அவராகவே எடுத்து வெளியே வைத்தார். நான் விட்டுக்கொடுக்காதவை இரண்டு: 2.3 கிலோ எடையுள்ள இரும்புத் தோசைக்கல், 600 கிராம் எடையுள்ள அம்மாவின் பித்தளைச் செம்பு.

மொத்த எடையைக் குறைப்பதோடு வேலை முடிவதில்லை. கேரவனின் முன்மூக்கு காரின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டின் மீது உட்காரும். அந்த இடத்தில் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அழுந்த வேண்டும். கனமான பொருள்களைப் பின்கோடியில் வைத்தால் மூக்கு லேசாகி, வேகத்தில் போகும்போது கேரவன் மீன் வாலைப் போல் இருபுறமும் ஆடத் தொடங்கும்; அந்த ஆட்டம் காரையே இழுத்துக் கவிழ்த்துவிடக்கூடும். எனவே கனமானவை அச்சுக்கு அருகில், தரைமட்டத்தில், லேசானவை மேலே. வண்டி இழுப்பதற்கென்று நடத்தப்படும் ஒரு நாள் பயிற்சிக்கு நாங்கள் இருவருமே போனோம். கணவர் மட்டும் போனால் போதாதா என்று எங்கள் நண்பர்கள் கேட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆளில்லாத சாலையில் அவருக்கு உடம்பு முடியாமல் போனால் வண்டியை ஓட்ட வேண்டியவள் நான்தான். பின்னோக்கிச் செலுத்தும்போது கேரவன் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் கைக்குப் பிடிபட அன்று மாலைவரை ஆயிற்று. இப்போது முகாம்களில் வண்டியை இடத்தில் நிறுத்துவது பெரும்பாலும் என் வேலை.

மே மாதத்தின் கடைசி வாரத்தில் புறப்பட்டோம். காலத்தை நாடுதான் முடிவு செய்கிறது. வடக்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். சாலைகள் வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே தெற்கே குளிர் தொடங்கும்போது மேற்கு நோக்கிப் போய், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் மேற்குக் கடற்கரை வழியாக வடக்கே ஏறுவது என்று திட்டமிட்டோம். வீட்டையும் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைச் செடியையும் மகனிடம் ஒப்படைத்தோம். அடிலெய்ட் வரையிலான 725 கிலோமீட்டரைப் பற்றியும், அங்கிருந்து போர்ட் ஆகஸ்டா வரையிலான சாலையைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. நல்ல சாலை, ஊருக்கு ஊர் குழாய், ஊருக்கு ஊர் கடை. எடையைக் குறைக்க அதுவரை ஒரு தொட்டியை மட்டும் பாதி நிரப்பிக்கொண்டு போனோம்.

ஆனால் அந்த முதல் இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு வேலையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. கேரவனின் கழிவறைக்கு அடியில் இருபது லிட்டர் அளவுள்ள ஒரு பெட்டி இருக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை அதை வெளியே உருவி, ஊருக்கு வெளியிலோ முகாமின் மூலையிலோ இருக்கும் கொட்டுமிடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, மருந்து ஊற்றி மறுபடியும் பொருத்த வேண்டும். முதல் முறை கணவர் செய்தார். இரண்டாம் முறை நானே எடுத்துச் சென்றேன். என் சிறுவயதில் நாங்கள் தாலுகா அலுவலகம் இருந்த ஊருக்குப் போகும்போது, எடுப்புக் கழிப்பறைகளிலிருந்து கூடையில் சுமந்து செல்லும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வருகிறார்கள் என்றால் பெரியவர்கள் எங்களை ஒதுங்கச் சொல்வார்கள், நாங்களும் ஒதுங்கினோம். மனிதக் கழிவை மனிதர் சுமப்பதை இந்தியா 1993இல் ஒரு சட்டத்தாலும் 2013இல் மேலும் கடுமையான சட்டத்தாலும் தடை செய்தது. இன்னும் அது முழுவதும் ஒழியவில்லை என்பது நமக்குத் தெரியும். கையுறை அணிந்து, மூடிய பெட்டியில், சக்கரத்தில் இழுத்துச் செல்லும் என் சிறு வேலையை அவர்கள் பட்டதோடு ஒப்பிடவே முடியாது. இருந்தாலும் என் கழிவை நானே கொண்டுபோய்க் கொட்டிய அந்தக் காலையில், அன்று ஒதுங்கி நின்றதற்காக வெட்கப்பட்டேன். அந்தப் பெண்களின் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை என்பது இன்னும் வேதனையாக இருந்தது.

செடூனாவில் இரண்டு நாள் தங்கினோம். பழம், காய்கறி, தேன், விதை, செடி எதையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோக முடியாது. எல்லையில் நிறுத்திச் சோதிப்பார்கள். பழ ஈயும் பயிர் நோய்களும் மாநிலம் விட்டு மாநிலம் பரவாமல் காக்கும் ஏற்பாடு அது. ஆகவே கையிலிருந்த கத்தரிக்காய், முருங்கைக்காய், கேரட், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அங்கேயே சமைத்துவிட முடிவு செய்தேன். முகாமில் மின்சாரம் இருந்ததால் மிக்சியில் ஐஸ் தண்ணீர் விட்டு உளுந்தையும் அரிசியையும் அரைத்தேன். குளிரில் மாவு புளிக்க ஒரு நாளும் அரை இரவும் எடுத்தது. சாம்பார், கூட்டு, பொரியல் என்று ஆறு டப்பாக்கள் உறைபெட்டிக்குப் போயின. கறிவேப்பிலையை மெல்போர்னிலேயே உலர்த்திப் பொடியாக்கி எடுத்து வந்திருந்தேன். தொட்டிகளை விளிம்புவரை நிரப்பியது மூன்றாம் நாள் காலையில்.

அயர் நெடுஞ்சாலை போர்ட் ஆகஸ்டாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதி செல்லும் நல்லர்போர் சமவெளி ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே சுண்ணாம்புப் பாறை. மரமில்லாதது என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து அந்தப் பெயரை உண்டாக்கினார்கள். மழை குறைவு என்பது மட்டும் அங்கே தண்ணீர் இல்லாததற்குக் காரணமில்லை. பெய்கிற மழையையும் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள் வழியாக உள்ளே விழுங்கிவிடுகிறது. ஆறோ ஓடையோ மேலே ஓடுவதில்லை. தரைக்கு அடியில் பெரும் குகைகளும் அவற்றுள் உப்பு நீர் ஏரிகளும் இருக்கின்றன. மேலே நிற்பவருக்கு ஒரு சொட்டு கிடைக்காது. நூறு இருநூறு கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சாலையோர நிலையங்கள் உண்டு. அங்கே டீசலும் உணவும் படுக்கையும் கிடைக்கும், ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் கேட்கக்கூடாது. மழைநீரைச் சேமித்தும் உப்புநீரைச் சுத்திகரித்தும் அவர்களே அளந்து செலவிடுகிறார்கள்.

செடூனாவுக்கு 73 கிலோமீட்டர் மேற்கே பெனோங் என்ற மிகச் சிறிய ஊர் இருக்கிறது. நிலத்தடி நீரை இறைப்பதற்காக அங்கே குடும்பத்துக்கு ஒன்றாக நிறுத்திய காற்றாடிகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஊர்க் காட்சித் திடலில் உள்ள மிகப் பெரிய காற்றாடியின் சக்கரம் 35 அடி விட்டமுள்ளது. அதன் கீழே நின்று வெகுநேரம் பார்த்தேன். காற்று வீசும்போதெல்லாம் ஓர் ஊர் தண்ணீர் இறைத்திருக்கிறது. எங்கள் ஊரில் கமலை இறைத்த மாடுகளை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை நல்லர்போர் நிலையத்தை அடைந்து இரண்டு இரவு தங்கினோம். மறுநாள் ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்துக்குப் போனோம். அன்டார்க்டிக் கடலிலிருந்து தெற்குத் திமிங்கிலங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே வந்து குட்டி ஈனும். மரப்பலகைப் பாதையில் நின்றபோது கீழே, மிக அருகில், ஒரு தாயும் குட்டியும் அசையாமல் மிதந்தன. தாய் மூச்சு விடும் ஓசை மேலே வரை கேட்டது. அந்த இடத்துக்கு மேற்கே கடற்கரையில் வெகுதூரம்வரை 60 முதல் 120 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான பாறைச் சுவர்; கடலுக்கு இறங்கவே வழியில்லை.

1841இல் எட்வர்ட் ஜான் அயர் என்ற ஆங்கிலேயர் இந்தக் கரையோரமாகவே கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார். நெடுஞ்சாலைக்கு அவர் பெயர்தான். ஆனால் அவர் உயிரோடு போய்ச் சேர்ந்ததற்கு இந்த மண்ணின் மக்களே காரணம் என்பதைப் பலகைகளில் சிறு எழுத்தில்தான் காண முடிகிறது. மணற்குன்றுகளில் எங்கே தோண்டினால் நன்னீர் ஊறும் என்று அவர்கள் அவருக்குக் காட்டினார்கள். ஊற்றும் கிடைக்காத நாட்களில் அயர் விடியற்காலையில் புல்லிலும் செடிகளிலும் படிந்த பனித்துளியைக் கடற்பஞ்சால் ஒற்றிப் பிழிந்து குடித்திருக்கிறார். அவருடன் வந்த பாக்ஸ்டர் என்பவர் ஏப்ரல் மாதத்தில் கொல்லப்பட்டார். அதன் பிறகு கடைசிவரை கூட நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். இருவரும் ஜூலை 7ஆம் நாள் அல்பனி என்ற துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மணலில் ஊற்றுத் தோண்டுவது எவ்வளவு பொறுமையான வேலை என்று எனக்குத் தெரியும். ஓரம் சரியாமல் அகலமாகத் தோண்ட வேண்டும். கலங்கல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அள்ளும்போது அடிமணலைக் கிளறக்கூடாது. வைலியின் கையும் அதைச் செய்திருக்கும். அந்தச் சாலைக்கு வைலியின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. குடிக்க இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 5 லிட்டர், சமையலுக்கு 4, பாத்திரத்துக்கு 5, கைகால் முகம் கழுவ 4, கழிவறைக்கு 3, குளிக்க ஆளுக்கு 4. மொத்தம் 29 லிட்டர். இரண்டு குடத்துக்கும் சற்றுக் குறைவு. ஷவரை நாங்கள் தொடவில்லை. ஒரு சிறு வாளியில் வெந்நீர் கலந்து, குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்தோம். நான்கு லிட்டரில் நன்றாகவே குளிக்கலாம். தட்டுகளை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, அரிசி களைந்த நீரில் ஒருமுறையும் நல்ல நீரில் ஒருமுறையும் கழுவினேன். பாத்திரம் கழுவ அம்மாவுக்கு ஐந்து லிட்டர் தேவைப்பட்டிருக்காது. சாம்பலால் துலக்கி ஒரே செம்பில் அலசிவிடுவார். மூன்றாம் நாள் முதல் என் கணவரும் குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் நிற்பதைக் கவனித்தேன். அவர் சென்னையில் வளர்ந்தவர்; லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற கதைகளை அந்த இரவுகளில்தான் எனக்கு முதன்முதலாகச் சொன்னார். முப்பத்தெட்டு ஆண்டு ஒன்றாக வாழ்ந்தும் இந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததேயில்லை.

எல்லையில் சோதனை அதிகாரி குளிர்பெட்டி, அலமாரி, காரின் பின்பகுதி எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். சமைத்து உறைய வைத்த டப்பாக்களைப் பார்த்து, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மூடி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் யூக்லா. அங்கே 1877இல் திறந்த தந்தி நிலையம் இருந்தது. முயல்கள் பெருகி மணற்குன்றின் புல்லைத் தின்று தீர்த்த பிறகு, பிடிப்பிழந்த மணல் நகர்ந்து வந்து கட்டடத்தை மூடத் தொடங்கியது. சுவர்களின் மேற்பாதி மட்டும் இப்போது வெளியே தெரிகிறது. யூக்லாவிலிருந்து மேற்கே சில ஊர்களில் கடிகாரத்தைப் பெர்த் நேரத்தை விட 45 நிமிடம் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். பயணத்தில் எங்களுக்கு நேரம் அவ்வளவு முக்கியமாக இல்லை. மாலை நான்கு மணிக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும் விதி. அந்தி சாயும்போது கங்காருவும் வாம்பட்டும் சாலைக்கு வரும். 2,600 கிலோவைப் பின்னால் கட்டிக்கொண்டு திடீரென்று நிறுத்தவோ விலகவோ முடியாது.

நான்காம் இரவு தங்கிய நிலையத்தின் பெயர்ப் பலகையில் மதுரா என்றிருந்தது. ஆங்கிலேயர் காலத்துத் தாள்களில் நம் மதுரையை இதே எழுத்துகளில்தான் எழுதினார்கள். 1876இல் இந்த இடத்தை ஏற்படுத்தியது இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்குக் குதிரை வளர்க்கத்தான் என்று படித்தபோது, இந்தத் தனிமையான மேட்டிலிருந்து கப்பலேறிப் போன குதிரைகளை நினைத்து எனக்கு ஏதோ ஓர் உறவு தோன்றியது. அன்றிரவு தோசை சுட்டேன். பக்கத்தில் முகாமிட்டிருந்த எழுபது வயதுத் தம்பதிக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தோம். அவர்கள் ஆறாவது முறையாக இந்தச் சாலையைக் கடக்கிறார்கள். எங்கள் நீர்க்கணக்கைக் கேட்டுவிட்டு, நாளைக்கு 29 லிட்டர் என்பது தாராளம் என்றார் அந்த அம்மா.

கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் இடையில் சாலை 146.6 கிலோமீட்டர் ஒரே நேர்கோடு. அதில் பாதியை நான் ஓட்டினேன். இரண்டு மூன்று டிரெயிலர்களை இழுத்து வரும் லாரிகளைச் சில நிமிடங்களுக்கு முன்பே ஒரு புள்ளியாகக் காணலாம். கடந்து போகும்போது அவற்றின் காற்று கேரவனை முதலில் தள்ளி, பிறகு இழுக்கும். வானொலிப் பெட்டியில் நாற்பதாம் அலைவரிசையில் ஓட்டுநர்கள் எச்சரிக்கை கொடுப்பார்கள். சில இடங்களில் சாலையே அகன்று, குறுக்குக் கோடுகள் வரைந்திருக்கும். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்குவதற்கான ஓடுதளம் அது. 1928இல் தொடங்கிய அந்தச் சேவை இல்லையென்றால், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எங்களைப் போன்றவர்கள் இந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அம்மாவுக்கு ஒரு விதி உண்டு. புதுத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்வரை கடைசிக் குடத்தைத் தொடக்கூடாது. யாருக்காவது திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகலாம், விருந்தாளி வரலாம், அடுப்புத் தீ கூரையைப் பிடிக்கலாம். ஏழாம் நாள் காலை பல்லடோனியாவில் அளவுமானியைப் பார்த்தேன். ஆறு நாளில் 174 லிட்டர் போயிருந்தது, மிச்சம் 16. ஒரு குடம். அதை நான் தொடவில்லை. முகத்தைக்கூட ஈரத்துணியால்தான் துடைத்துக்கொண்டோம்.

மதியத்துக்குள் நார்ஸ்மன் வந்துவிட்டது. முகாமின் குழாயில் ரப்பர்க் குழாயைப் பொருத்தும்போது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பராமரிப்பாளரிடம் கேட்டேன். பெர்த்துக்குப் பக்கத்திலுள்ள மண்டேரிங் அணையிலிருந்து என்றார். தங்கச் சுரங்கங்களில் தாகத்தால் தவித்த மக்களுக்காக, சி. ஒய். ஓகானர் என்ற பொறியாளர் திட்டமிட்டு, எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, 1903இல் கல்கூர்லிவரை கொண்டுவந்த குழாய் அது. ஏளனமும் பழியும் தாங்காமல், தண்ணீர் போய்ச் சேர்வதைப் பார்க்காமலேயே அவர் முந்தைய ஆண்டு மார்ச் மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் நார்ஸ்மனுக்கும் குழாயை நீட்டினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இரும்புக்குள் நடந்து வந்த தண்ணீர் எங்கள் தொட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். புதுத் தண்ணீர் வருவதற்கு முன் பழையதைத் திறந்து, அம்மாவின் செம்பில் ஒன்று பிடித்து இருவரும் குடித்தோம். மீதியை வாளியில் இறக்கி, வேலியோரத்து யூகலிப்டஸ் கன்றின் தூரில் ஊற்றினேன். அதன் பிறகு தலைக்குக் குளித்தேன். எட்டு லிட்டர் செலவாயிற்று என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.